கத்தரி அக்கா போட்ட திருத்தம்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே, விளம்பரத் துறைச் சங்கத்தின் தலைவர் அவர்களே, தண்ணீர் ஃபில்டர் நிறுவனத்தின் சார்பில் பெரிய மலர்வளையத்தோடு வந்திருக்கும் விற்பனை இயக்குநர் அவர்களே, எதிரே நிறைந்திருக்கும் எழுத்தாளர்களே, ஓவியர்களே, புகைப்படக்காரர்களே, குரல் கொடுப்பவர்களே, அச்சகத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, கடைசி வரிசைக்குப் பின்னால், உட்காரலாமா கூடாதா என்று தயங்கி நிற்கும் மருத்துவமனைச் செவிலியர்களே! முதலில் நீங்கள் உட்காருங்கள். முன்னால் இடம் இருக்கிறது, வாருங்கள். கடந்த ஒன்பது வருடமாக அவரை நேரில் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே நீங்கள் மட்டும்தான்.

எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மறைந்தவரை ‘விளம்பர வானின் விடிவெள்ளி’ என்றார் ஒருவர். ‘சொல்லின் செல்வி’ என்றார் அடுத்தவர். ‘எங்கள் குடும்பத்தின் தாய்’ என்றார் மூன்றாமவர். இதில் எதையாவது எழுதி அவருடைய மேஜைக்கு எடுத்துப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இங்கே இருக்கும் பழைய ஆட்களுக்குத் தெரியும். சிவப்புப் பேனாவைத் திறந்திருப்பார். “வானம் எதுக்கு?” ஒரு கோடு. “விடிவெள்ளி எதுக்கு?” இன்னொரு கோடு. தாளைத் திருப்பி நம்மிடமே நீட்டி, “இப்ப மிச்சம் என்ன இருக்கு, பாருப்பா. ஒண்ணும் இல்லையா? அப்ப ஒண்ணும் சொல்ல வேணாம், விடு” என்றிருப்பார்.

அதனால்தான் அவர் கத்தரி. நிறுவனத்துக்கு அவர் முதுநிலை விளம்பர எழுத்தாளர். நமக்கு அவர் கத்தரி அக்கா. புதிதாகச் சேர்ந்த ஒருவர் துணிச்சலாக அவரிடமே கேட்டார்: “கத்தரின்னா வெயிலா, காயா, கோலா?” தலையைத் தூக்காமலே அக்கா சொன்னார்: “ஆளைப் பொறுத்து.”

நண்பர்களே! இருபத்திரண்டு வருடம் நான் அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தவன். இரண்டாவது மாடியில், பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில், இரண்டு மேஜைகளை முட்டவைத்துப் போட்டிருந்தார்கள். அவர் எழுதுவார், நான் வரைவேன். அவர் எழுதியதை நான் குறை சொன்னதில்லை. நான் வரைந்ததை அவர் குறை சொல்லாமல் விட்டதில்லை.

எப்படி எழுதினார் அவர்? இன்றைக்குத் துறைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சலவைத் தூளுக்கு எழுத வேண்டுமென்றால், வீட்டில் இருக்கும் அத்தனை துணியையும் துவைத்துவிட்டுத்தான் பென்சிலை எடுத்தார். கால்வலித் தைலத்துக்கு எழுத வேண்டுமென்றால், நான்கு நாள் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்று, யார் யார் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்க்கிறார்கள் என்று பார்த்தார். பள்ளிப் பைக்கு எழுத வேண்டுமென்றால், அதில் ஆறு கிலோ புத்தகத்தைத் திணித்து, தன் முதுகில் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தே வந்தார். வாசல் காவலர் சிரித்தார். “சிரிங்க சிரிங்க. நாலாவது தெரு திரும்பறப்ப இந்தப் பட்டை அறுந்துபோச்சு. இதுக்கு நான் எழுத மாட்டேன்” என்றார். எழுதவும் இல்லை.

“நான் வாங்குவேனான்னு முதல்ல எனக்குத் தெரியணும் ஓவியரே. நானே வாங்க மாட்டேன்னா, அடுத்தவங்களை வாங்கச் சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கு?” என்பார்.

எழுதி முடித்ததும் தாளை எடுத்துக்கொண்டு தொலைபேசி இணைப்பகத்து அம்மாவிடம் போவார். மின்தூக்கி இயக்குபவரிடம் போவார். தரை துடைப்பவரிடம் போவார். படித்துக் காட்டுவார். “நல்லா இருக்கா?” என்று ஒருநாளும் கேட்டதில்லை. “என்ன புரிஞ்சுது?” என்றுதான் கேட்பார். ஏன் அப்படி என்று கேட்டேன். “நல்லா இருக்கான்னு கேட்டா நல்லா இருக்குன்னுதானே சொல்வாங்க? சம்பளம் வாங்கற இடமாச்சே!” என்றார்.

எவ்வளவு பெரிய உண்மை! சம்பளம் வாங்குகிற இடத்தில் யார் உண்மை சொல்கிறோம்?

அந்தப் புகழ்பெற்ற வாசகத்துக்கு வருகிறேன். மண்டபத்து வாசலில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்களே, ‘அம்மா குடிச்சுப் பார்த்தாச்சு’, அதற்கு.

இருபது வருடம் முன்பு ஃபில்டர் நிறுவனம் எங்களிடம் வந்தது. ஏழு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் என்ன செய்கிறது என்று நாற்பது பக்கத்துக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். அக்கா கையேட்டை என்னிடம் தள்ளிவிட்டு இயந்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். இரண்டு மாதம் அவரும் அவருடைய ஆறு வயது மகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். இரண்டு மாதமும் ஒரு சொல் எழுதவில்லை. அன்றைக்கு வாடிக்கையாளர் தொடர்பு அதிகாரியாக இருந்த நம் இன்றைய தலைவர் தினமும் வந்து நிற்பார். “என்னம்மா, பிரசவம் ஆச்சா?” என்பார். “வலியே இன்னும் வரலை சார்” என்பார் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். தண்ணீரைச் சூடாக்கி, டம்ளரில் ஊற்றி, அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நீட்டினார். குழந்தை சிணுங்கியது: “என் தண்ணிய நீ ஏம்மா குடிக்கிற?” “சூடா இருக்கான்னு அம்மா குடிச்சுப் பார்த்தேன்டி. இப்ப நீ குடி.” உடனே குடித்தது குழந்தை. ஒரு கேள்வி இல்லை, ஒரு சந்தேகம் இல்லை.

திங்கட்கிழமை காலை வந்து, என் வரைபலகையின் ஓரத்தில் பென்சிலால் மூன்று சொல் எழுதினார்.

வாசகத்தைப் பார்த்ததும் நம் தலைவர், “இதுல தண்ணியே இல்லையேம்மா? ஏழு அடுக்கும் இல்லை?” என்றார். “அம்மா இருக்காங்க சார். எட்டாவது அடுக்கு” என்றார் அக்கா. ஃபில்டர் நிறுவனத்து முதலாளி, “எங்கம்மாவும் இப்படித்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான், முடிந்தது. நான் படம் வரைந்தேன். முதல் படத்தைப் பார்த்துவிட்டு அக்கா, “என்ன ஓவியரே, இந்தம்மா முகத்துல இவ்ளோ சிரிப்பு? தண்ணி குடிக்கிறாங்களா, பரிசு வாங்கறாங்களா?” என்றார். சிரிப்பை எடுத்தேன். டம்ளரை உதட்டில் வைத்து, கண்ணை மட்டும் குழந்தைப் பக்கம் திருப்பியிருக்கும் முகம் வந்தது. அது எல்லாச் சுவரிலும் ஏறியது.

பத்து வருடம், நண்பர்களே! பத்து வருடம் அந்த மூன்று சொல் இந்த நிறுவனத்துக்குச் சோறு போட்டது. நான்கு விருது வாங்கிக் கொடுத்தது. நான்கையும் மேடையேறி வாங்கியவர்கள் யார் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. அக்கா ஏறவில்லை, அதை மட்டும் சொல்கிறேன். அதற்காக அவர் வருந்தினாரா? இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் இது வரும். “மேடையில ஏறினா புடவை கட்டணும், சிரிக்கணும். எனக்கு அடுத்த வேலை கிடக்கு” என்றுதான் சொன்னார். விருதை அவர் மனத்தில் வைத்திருந்ததே இல்லை.

இனி கசப்பான பகுதிக்கு வருகிறேன். அழைப்பிதழில் ‘நினைவுகளைப் பகிர்தல்’ என்று போட்டிருக்கிறது. பகிர்கிறேன்.

பத்தாவது வருடம் ஃபில்டர் நிறுவனம் கைமாறியது. புதிய நிர்வாகம் விலை குறைந்த ஒரு மாடலைக் கொண்டுவந்தது. பெயர் அதே பெயர், வெளிக்கூடு அதே கூடு, என் படம் அதே படம், அக்காவின் வாசகம் அதே வாசகம். உள்ளே ஏழு அடுக்கில் நான்கைக் காணோம்! எங்களில் யாரும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ‘உங்கள் அம்மாவைப் பற்றி எழுதுங்கள்’ என்று ஒரு போட்டி வைத்தோம். கடிதங்கள் மூட்டை மூட்டையாக எங்கள் அலுவலகத்துக்கே வந்தன. ஒவ்வொன்றையும் அக்காதான் படித்தார். அதில் ஒன்று போட்டிக்கு எழுதியதல்ல. எனக்கு இன்றும் மனப்பாடம்:

“உங்க விளம்பரத்துல அம்மா குடிச்சுப் பார்த்தாச்சுன்னு போட்டிருக்கீங்க. நானும் குடிச்சுப் பார்த்துட்டுத்தான் பையனுக்குக் குடுத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. அவன் பத்து நாளா ஆஸ்பத்திரியில கிடக்கான். நான் என்ன தப்பு பண்ணேன்னு நீங்களாவது சொல்லுங்க.”

அக்கா அந்தக் கடிதத்தை என் மேஜைக்கு நகர்த்தினார். “கிளம்புங்க” என்றார். போனோம்.

குழந்தைகள் வார்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண். நாங்கள் யார் என்று சொன்னதும் சண்டை போடுவார் என்று நான் பயந்தேன். அவர் சண்டை போடவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதான் அந்தம்மாவா? நீங்க குடிச்சுப் பார்த்தீங்கள்ல?” என்று கேட்டார். படத்தில் இருக்கும் அம்மா அக்காதான் என்று நினைத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு அக்கா அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லையே தொழிலாக வைத்திருந்த பெண்மணிக்கு ஒரு சொல் வரவில்லை!

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் இயந்திரத்தைக் கழற்றினோம். உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று, பாசி பிடித்திருந்தது. நகராட்சியின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தோம். ஆறாம் நாள் அறிக்கை வந்தது. கிருமி உள்ளே போன அளவுக்கே வெளியேயும் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பையன் பிழைத்தான். அதே தெருவில், அதே மாடல் வாங்கிய இன்னொரு வீட்டில், நான்கு வயதுக் குழந்தை ஒன்று பிழைக்கவில்லை.

அறிக்கையோடு அக்கா தலைவரின் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பேசியது அவர், நின்றது நான்.

“நாம ஃபில்டர் செய்யலைம்மா. விளம்பரம் செய்றோம்” என்றார் தலைவர்.

“விளம்பரத்தைப் பார்த்துத்தானே சார் ஃபில்டர் வாங்கறாங்க?”

“அவங்க கம்பெனிக்கு எழுதிக் கேக்கறேன். பொறுமையா இருங்க.”

“கேக்கறவரைக்கும் வாசகத்தை எடுத்துடுங்க சார். படம் இருக்கட்டும், பேர் இருக்கட்டும். என் மூணு சொல்லை மட்டும் எடுத்துடுங்க.”

“உங்க சொல்லா? அது கம்பெனியோட சொத்தும்மா. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு உங்களுக்கு, இது தெரியாதா?”

அக்கா எழுந்து நின்றார். “சொத்து அவங்களது சார். பொய் என்னுதா ஆயிடுச்சே” என்றார்.

ஐந்து வாரம் காத்திருந்தார். பதில் வரவில்லை. ஆறாவது வாரம், பெரிய நாளிதழ் ஒன்றின் சிறு விளம்பரப் பகுதியில், ‘பெயர் மாற்றம்’ என்ற தலைப்புக்கும் ‘வீடு வாடகைக்கு’ என்ற தலைப்புக்கும் நடுவே, தீப்பெட்டி அளவில் ஓர் அறிவிப்பு வந்தது. அவர் தன் வாழ்க்கையில் எழுதிய மிகச் சிறந்த விளம்பரம் அதுதான். வாசலில் எழுதி வைத்திருப்பது அல்ல! படிக்கிறேன்:

“திருத்தம். ‘அம்மா குடிச்சுப் பார்த்தாச்சு’ என்று எழுதியவள் நான். நான் குடித்துப் பார்த்தது பழைய மாடல். இப்போது விற்பது வேறு. இதை நான் குடிக்கவில்லை. உங்கள் வீட்டில் இருந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.”

கீழே தன் பெயரையும் வீட்டு முகவரியையும் போட்டிருந்தார்.

எங்கள் நிறுவனத் தலைவர் அவர்கள் எனக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘சுருக்கவும்’ என்று எழுதியிருக்கிறார். கத்தரி அக்காவின் கூட்டத்தில் சுருக்கச் சொல்வது நியாயம்தான், ஐயா. ஆனால் எதை வெட்ட வேண்டும் என்று அவர்தான் எங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறார். இந்தப் பகுதியை வெட்ட முடியாது. மன்னிக்க வேண்டும்.

மறுநாளே அவருடைய மேஜையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஃபில்டர் நிறுவனம் வழக்குப் போடும் என்றது. வழக்கு வந்தால் பரிசோதனை அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகுமே! அதனால் வேறு வழி கண்டுபிடித்தார்கள். துறைச் சங்கத்துக்கு ஒரு கடிதம் தயாரானது. ‘விருது மேடைகளில் தமக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற காழ்ப்பினால் இவர் இவ்வாறு செய்தார், நீண்ட காலமாகவே மனக்குறையோடு பேசிவந்தார், இதை உடன் பணியாற்றிய நாங்கள் அறிவோம்.’ கீழே பதினேழு கையெழுத்து.

முதல் கையெழுத்து யாருடையது, தெரியுமா?

என்னுடையது.

ஒரு மத்தியானம் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். தேநீர் வரவழைத்தார். “நீங்க போட்டாத்தான் மத்தவங்க போடுவாங்க. எதிர் மேஜை இல்லையா, உங்க பேச்சுக்கு ஒரு எடை இருக்கு” என்றார். மருத்துவமனைக்கு நானும் போனேன் என்று சொன்னேனா? அறிக்கையை நானும் படித்தேன் என்று சொன்னேனா? விருதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை என்று சொன்னேனா? “பேனா இருக்கா சார்?” என்று கேட்டேன். அன்றைக்கு நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டினார்கள் என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவு வசதி! மூன்று வாரத்தில் நான் ஓவியப் பிரிவின் தலைவர் ஆனேன். தகுதி இருந்ததால் கொடுத்தார்கள் என்று ஒன்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எட்டு மாதம் கழித்து ஃபில்டர் நிறுவனம் சத்தமில்லாமல் அந்த மாடலை நிறுத்தியது. ‘இப்போது இன்னும் மேம்படுத்தப்பட்டது’ என்று புதிய விளம்பரம் வந்தது. அதையும் நான்தான் வரைந்தேன். அதிலும் அக்காவின் மூன்று சொல் இருந்தது.

சங்கம் அந்தக் கடிதத்தை எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்பியது. அதற்குப் பிறகு அவருக்கு எந்த வாசலும் திறக்கவில்லை.

வாசல் திறக்காவிட்டால் அவர் என்ன செய்தார்? உட்கார்ந்து அழுதாரா? ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சின்ன அறை ஒன்று பிடித்தார். அரசு மருத்துவமனைக்குப் போய், மருந்துக் கூடத்தில் நோயாளிகளிடம் கொடுக்கும் தாள்களைக் கேட்டு வாங்கிப் படித்தார். “இது ஒருத்தருக்கும் புரியாதே! நான் எழுதித் தரட்டுமா?” என்று கேட்டார். எழுதிக் கொடுத்தார். ஒன்பது வருடம் எழுதிக் கொடுத்தார். இங்கே வந்திருக்கும் செவிலியர்கள் அதற்குச் சாட்சி.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். மூன்று வருடம் முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். இன்சுலின் பற்றிய தாள். பழைய தாளில், ‘உணவு உட்கொள்வதற்குச் சற்று முன்னர் மருந்தைச் செலுத்திக்கொள்ளவும்’ என்று இருக்கும். ஊசியைப் போட்டுக்கொண்டு, சமையலாகட்டும் என்று காத்திருந்து, மயங்கி விழுந்தவர்கள் எத்தனை பேர்! புதிய தாளில் ஒரே வாக்கியம்: ‘சாப்பாடு தட்டுக்கு வந்தப்புறம் ஊசி போடுங்க.’

“பாருங்க, எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க. யாரோ வீட்டு மனுஷி எழுதின மாதிரி இருக்கு” என்றாள் என் மனைவி.

யார் எழுதியது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மனைவியிடம் நான் சொல்லவில்லை. அந்த ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு தடவை போனேன். மாடிப்படியில் ஏழாவது படி வரை ஏறினேன். மேலே அவர் யாருக்கோ எதையோ படித்துக் காட்டி, “என்ன புரிஞ்சுது?” என்று கேட்கும் சத்தம் காதில் விழுந்தது. இறங்கிவிட்டேன்.

பதினாறு நாளைக்கு முன்பு, மருந்து வாங்கும் வரிசையில் நின்றவர்களிடம் ஒரு தாளைக் காட்டிப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தாங்கியவர்கள் இந்தச் செவிலியர்கள். நாம் அல்ல.

அதற்கு மூன்றாம் நாள் நம் நிறுவனமும் ஃபில்டர் நிறுவனமும் சேர்ந்து நாளிதழில் முழுப்பக்க அஞ்சலி கொடுத்தன. பார்த்திருப்பீர்கள். அவர் முகம், கீழே அதே வாசகம், அதற்குக் கீழே ‘நன்றி அம்மா’. இன்னும் கீழே ஃபில்டரின் படம்! செத்த பிறகும் அவரைக் குடித்துப் பார்க்க வைத்துவிட்டீர்களே! கேட்க வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பக்கமும் என் பிரிவில்தான் தயாரானது. புகைப்படத்தில் நெற்றிமேல் விழுந்த நிழலைச் சரிசெய்தவன் நான்.

அந்தப் பக்கத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆறு வயதில் தண்ணீர் கேட்டுச் சிணுங்கிய அந்த மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது, பள்ளி ஆசிரியை. என்னை உட்காரச் சொன்னாள். தாளை விரித்துப் பார்த்தாள்.

“அம்மா பேரு சின்ன எழுத்துல இருக்கு மாமா. கம்பெனி பேரு பெருசா இருக்கு” என்றாள்.

“தப்புத்தான்மா” என்றேன்.

“அம்மாவுக்கு என் மேல கோபமா இருந்திருக்கும்” என்றும் நானே சொன்னேன். ‘இல்லை’ என்று அவள் சொல்ல வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன?

“கோபம்லாம் இல்ல மாமா. அம்மா உங்களைப் பத்திப் பேசவே மாட்டாங்க. ஒரே ஒரு தடவை நானா கேட்டேன். ‘நல்லா வரைவார்’னாங்க. அவ்வளவுதான்.”

நண்பர்களே, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துரோகி என்றிருந்தால் அதற்கு ஒரு பதிலாவது தேடியிருப்பேன். இருபத்திரண்டு வருடத்து மனிதனை இரண்டே சொல்லுக்கு வெட்டிவிட்டார் கத்தரி அக்கா. அதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமே இல்லை.

இந்தக் கூட்டத்துக்கு மகள் ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டீர்கள். “வர்றவங்கள்ல யார் யார் கையெழுத்துப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது மாமா. எல்லாரையும் பார்த்து அதையே நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியாது” என்றாள். அந்தப் பதினேழு பேரில் பதினோரு பேர் இப்போது இந்த மண்டபத்தில் இருக்கிறோம். பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவரவருக்குத் தெரியும்.

அடுத்து, ‘ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி’ என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். வேண்டாம், ஐயா. தயவுசெய்து வேண்டாம். ஒன்பது வருடம் நாம் செலுத்திய மௌனம் போதும். அவரைக் கொன்றது அதுதான் என்று நான் மிகைப்படுத்த மாட்டேன், மருத்துவர் இதயம் என்றுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இன்னும் ஒரு நிமிடம் அதையே கொடுக்க நமக்கு மனசு வரலாமா?

சங்கத் தலைவர் அவர்களே, இந்த உறையை உங்கள் கையில் தருகிறேன். உள்ளே ஒரு தாள். ‘நான் கையெழுத்திட்ட அந்தக் கடிதம் பொய். விருதுக்காக அவர் இதைச் செய்யவில்லை. குழந்தைகளுக்காகச் செய்தார். பரிசோதனை அறிக்கையை நான் நேரில் படித்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். பழைய கடிதத்தை எத்தனை நிறுவனத்துக்கு அனுப்பினீர்களோ, அத்தனைக்கும் இதையும் அனுப்புங்கள். வாசலில் இருக்கும் அந்தப் பலகையை எங்கள் நிறுவனத் தலைவர் அவர்கள் கழற்றச் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் போகும்போது நான் கழற்றுவேன்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள்! இதில் வீரம் எதுவும் இல்லை. எனக்கு ஓய்வுபெற நான்கு மாதம்தான் இருக்கிறது. அவருக்கு அன்றைக்குப் பத்து வருடத்துக்கு மேல் பணி மிச்சம் இருந்தது. படிக்கிற வயதில் மகள் இருந்தாள். வீரம் என்றால் அது.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லிவிட்டு அமர்வதுதான் முறை. ‘தொடர்வோம்’ என்று உங்கள் எல்லோருக்குமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்கு மட்டும் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடை மாடியில் பதினான்கு தாள்கள் பாதியில் நிற்கின்றன என்று மகள் சொன்னாள். காசநோய் மாத்திரைக்கு ஒன்று, பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட பிறகு வரும் காய்ச்சலுக்கு ஒன்று, வலிப்பு வந்தவரை எப்படிப் படுக்க வைப்பது என்று ஒன்று. எழுத்து முடிந்துவிட்டது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம்தான் இல்லை. ஒன்பது வருடமும் அவரிடம் ஓவியர் இல்லை.

மகளிடம் கேட்டேன், நான் வந்து வரைந்து தரலாமா என்று. உள்ளே போய், சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“வாங்க. ஆனா அங்க ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு மாமா. அது அம்மாவோடது. அதுல உக்காராதீங்க.”

வரும் திங்கட்கிழமை போகிறேன். நின்றுகொண்டே வரைவேன்.